பூசான்: ரெண்டு பேர் பில்லு, ஒரு வயிறு

மே 1, 2025, வியாழன் – சொமியொன்

தென்கொரியால உல்சானுக்கு ட்ரெய்னிங் வந்ததுல இருந்து கேன்டீன் சாப்பாடு தான். மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா தினமும் அதே சிவப்பு கலர் அதே இனிப்பு காரம், கொரியன் சாப்பாடுன்னா இவ்வளவு தானான்னு சலிச்சு போச்சு. இன்னைக்கு மே தினம், வர்ற திங்கட்கிழமை புத்தர் பிறந்தநாளும் குழந்தைகள் தினமும் ஒரே தேதில விழுது, அதுக்கு செவ்வாய்க்கிழமை மாற்று லீவு வேற, நடுவுல தொங்கிட்டு இருந்த வெள்ளிக்கிழமைய கம்பெனியே விட்டுட்டாங்க. சரி, பூசான் பக்கத்துல தானே, கடல் இருக்கு, மீன் இருக்கும்னு கிளம்பியாச்சு.

கூட வந்தது ஒரகடத்துல என் லைன்லயே வேலை பாக்குற கும்பகோணத்து தம்பி. சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டான். நான் தூத்துக்குடி. மீனுக்குன்னே போற ஊருக்கு இவன எதுக்கு கூட்டிட்டு போறேன்னு ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா அதுல ஒரு கணக்கு இருக்கு. இந்த ஊர்ல நல்ல ஐட்டம் பாதி ரெண்டு பேருக்குன்னு தான் குடுப்பாங்க, தனியா போய் நின்னா ஒத்த விரல காட்டி "ஒருத்தரா?"ன்னு கேட்டுட்டு கைய ஆட்டி அனுப்பிடுவாங்க. உல்சான்ல அப்படி நிறைய வாங்கியிருக்கேன்.

உல்சான் தேஹ்வாகாங் ஸ்டேஷன்லயே முதல் சிக்கல். போக்குவரத்து கார்டுல காசு ஏத்துற மெஷின் நோட்டு மட்டும் தான் வாங்கும், எங்க ரெண்டு பேர் கிட்டயும் பத்து பைசா நோட்டு இல்ல, இருந்த ஏடிஎம் எங்க கார்ட துப்பிருச்சு. பின்னாடி வெங்காயத்தாள் கட்டோட நின்ன பாட்டி ஒருத்தங்க கொஞ்ச நேரம் பாத்தாங்க, அப்புறம் என் தோளைப் பிடிச்சு நகர்த்திட்டு அவங்க பர்ஸ்ல இருந்து 5,000 வொன் எடுத்து எங்க கார்டுல ஏத்திட்டாங்க. வேண்டாம்னு சொல்ல கூட நேரம் குடுக்கல. பையில கோவில்பட்டி கடலை மிட்டாய் பாக்கெட் ஒண்ணு இருந்துச்சு, அதை குடுத்தேன், அங்கேயே பிரிச்சு ஒண்ணு கடிச்சுப் பாத்துட்டு தலையாட்டிட்டு போய்ட்டாங்க. (1,000 வொன்னு நம்ம காசுக்கு 60 ரூபா சொச்சம், கணக்கு போட்டுக்கோங்க.)

பூசான்ல புஜொன் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே சொமியொன் ஏரியா. அங்க ஒரு சந்து முழுக்க ட்வேஜி குக்பாப் கடை, பன்னி எலும்ப மணிக்கணக்குல கொதிக்க வச்ச வெள்ளை சூப்புல சோறும் கறியும். வாசல்லயே பெரிய கொப்பரை. அங்க நின்ன அம்மா ஒரு கிண்ணத்துல ஆறின சோத்த போட்டு, மேல கொதிக்கிற சூப்ப ஊத்தி, கரண்டியால சோத்த அமுக்கிப் பிடிச்சு சூப்ப மட்டும் திரும்ப கொப்பரைக்கே வடிச்சாங்க, மறுபடி ஊத்துனாங்க, மறுபடி வடிச்சாங்க. ஒவ்வொரு பருக்கையும் உள்ள வரைக்கும் சூடாகி சூப்ப குடிச்சுக்கும், அதே சமயம் குழையாது. இதை பாத்துட்டே நின்னதுல பின்னாடி க்யூவே நின்னுருச்சு.

தட்டுல சூப்போட நூல் மாதிரி கொஞ்சம் நூடுல்ஸ், பச்ச பூண்டு, வெங்காயம், பச்ச மிளகா, கொரியன் பூண்டுத் தழை, அப்புறம் ஒரு சின்ன கிண்ணத்துல உப்புல ஊறின குட்டி இறால். நான் அப்படியே ஸ்பூன விட்டேன், உப்பே இல்ல. எதிர்ல உக்காந்திருந்த பெரியவர் நாக்க சப்பு கொட்டிட்டு என் கிண்ணத்த அவர் பக்கம் இழுத்தார். இறால்ல பாதி ஸ்பூன், தழை முழுசா ஒரு கைப்பிடி, நூடுல்ஸ அமுக்கி, ஒரு கலக்கு கலக்கி திரும்ப தள்ளி விட்டுட்டு அவர் பாட்டுக்கு சாப்பிட ஆரம்பிச்சுட்டார். ஒரு வார்த்தை பேசல. கேன்டீன்ல கண்ட சிவப்பும் இல்ல இனிப்பும் இல்ல, கறி சூப்பும் இறால் உப்பும் மட்டும், நெஞ்சு வரைக்கும் இதமா இறங்குச்சு.

கிண்ணம் 10,000 வொன், ஆளுக்கு ஒண்ணு வாங்கியே ஆகணும். தம்பி வெறும் சோறும் பச்ச மிளகாயும் வெங்காயமும் தொட்டுக்க கொடுத்த பேஸ்டும் சாப்பிட்டான், அவன் கிண்ணமும் எனக்கே. பூசானுக்கு இந்த சாப்பாடு எப்படி வந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க, ஆனா எல்லா கதையும் கொரியப் போர் சண்டை காலத்துல போய் தான் முட்டுது. 1950ல இருந்து 53 வரைக்கும் பெரும்பாலும் இதுதான் தென்கொரியாவோட தற்காலிக தலைநகர், வடக்குல இருந்து ஓடி வந்த சனமெல்லாம் இங்க தான் வந்து அடஞ்சிருக்கு.

ரூம் வாடகை லீவுக்காக டபுள். அதை பத்தி பேச வேண்டாம்.

மே 2, வெள்ளி – ஜகால்ச்சி

காலைலயே மழை. பெரிய மழை இல்ல, காத்து தான் பெருசு, மெட்ரோல இருந்து வெளிய வந்த அடுத்த நிமிஷம் குடை தலைகீழா திரும்பி கம்பி போச்சு. மூலைக்கு மூலை இருக்க கடைல புதுசு 7,000 வொன். அதுவும் சாயங்காலம் வரைக்கும் தான் தாங்குச்சு.

ஜகால்ச்சி தான் கொரியாவோட பெரிய மீன் மார்க்கெட். உள்ள கட்டடம் இருக்கு, ஆனா உண்மையான மார்க்கெட் வெளிய ரோட்டோரம் தான், ரப்பர் பூட்ஸ் போட்டு ஏப்ரன் கட்டின அம்மாக்கள் வரிசையா உக்காந்திருக்காங்க. சண்டை நேரத்துல புருஷன் பிள்ளைய இழந்து குடும்பத்த காப்பாத்த மீன் விக்க உக்காந்த பெண்கள்ல இருந்து தொடங்குன வழக்கம், இன்னைக்கு வரைக்கும் இங்க அம்மாக்கள் ராஜ்ஜியம் தான். பூசான் பேச்சு சத்தம் ஜாஸ்தி, விலை சொன்னாலே திட்டுறாங்களோன்னு தம்பி ரெண்டடி பின்னாடி போனான். எனக்கு ஊர் ஞாபகம் வந்து சிரிப்பு தான் வந்துச்சு.

வாளை மீன பாத்து அசந்துட்டேன். நம்ம பக்கம் வாளைய யாரும் பெருசா மதிக்கிறதில்ல, கருவாட்டுக்கு தள்ளிடுவாங்க. இங்க அது ராஜா, ஐஸ் மேல நீட்டி படுக்க வச்சிருக்காங்க, ஒரு கீறல் இல்லாம வெள்ளித் தகடு மினுங்குது, பெருசா ஒண்ணு விலை கேட்டா 30,000 வொன்.

அதை விட பெரிய அதிர்ச்சி அடுத்த தொட்டில. கடல் அட்டை! உயிரோட, கருப்பும் செம்பழுப்புமா, பேசின் பேசினா. நம்ம மன்னார் வளைகுடால இதை தொட்டாலே கேசு, 2001ல இருந்து வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். வாரத்துக்கு ஒரு தடவையாவது தூத்துக்குடி ராமநாதபுரம் பக்கம் கடல் அட்டை பறிமுதல்னு பேப்பர்ல வரும், பிடிச்சத மூட்டை மூட்டையா பாத்திருக்கேன், ஒருத்தர் கூட அதை சாப்பிட்டு நான் பாத்ததில்ல. இங்க அந்த அம்மா ஒண்ண எடுத்து, ரெண்டு முனைய வெட்டி, நடுவுல கீறி, குடல விரலால ஒரே இழுப்பு, தண்ணில அலசி, துண்டு போட்டு நீட்டுனாங்க. மொத்தம் ஒரு நிமிஷம் கூட ஆகல.

கீழ வாங்கிட்டு மாடில உக்காந்து சாப்பிடணும், அங்க தட்டு, இலை, சாஸுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு தனி காசு. சாப்பிடாத தம்பிக்கும் 5,000. கடல் அட்டை எப்படி இருந்துச்சுன்னா, வாசனை சுத்தமா இல்ல, கடல் தண்ணி உப்பு, பல்லுக்கு அடில கறுக்கு மொறுக்குனு சத்தம், கடிச்சு முடிக்க தாடை வலிச்சுது. புளிப்பு காரமா ஒரு சிவப்பு சாஸ்ல தொட்டு சாப்பிடணும். நல்லா தான் இருக்கு, ஆனா இதுக்காக ஜெயிலுக்கு போற அளவுக்கு இல்ல. கூடவே ஆரஞ்சு கலர்ல மொங்கேன்னு ஒரு கடல் உயிரி குடுத்தாங்க, அயோடின் மருந்து வாடை, ஒரு துண்டோட நிறுத்திட்டேன்.

கீழ ஒரு கடைல தட்டை மீன் ஒண்ணுக்கு 60,000 கேட்டாங்க, சும்மா திரும்பி நடந்தேன், பத்தடி போறதுக்குள்ள 40,000 ஆச்சு. வாங்கல. கொரியால பேரம் கிடையாதுன்னு சொல்றவங்க மீன் மார்க்கெட் பக்கம் வந்ததே இல்ல போல.

மதியம் பக்கத்துல பிஃப் சதுக்கம், பூசான் சினிமா விழா 1996ல ஆரம்பிச்ச இடம். அங்க விக்கிற சியாத் ஹொத்தொக் தான் தம்பி உயிர காப்பாத்துச்சு. மாவு உருண்டைக்குள்ள நாட்டு சர்க்கரை வச்சு எண்ணெய்ல தட்டையா பொரிச்சு, வெளிய எடுத்து வாய கத்திரியால வெட்டி, சூரியகாந்தி விதை பூசணி விதை எல்லாம் கரண்டி கரண்டியா உள்ள திணிச்சு, பேப்பர் கப்புல சொருகி குடுக்குறாங்க, 2,000 வொன். உள்ள சர்க்கரைப் பாகு கொதிச்சுட்டு இருக்கும், பொறுமையா கடிக்கணும். அவன் அடுத்தடுத்து வாங்கி நின்னுட்டே முடிச்சான், விக்கிற அண்ணன் கடைசில காசு வாங்காம ஒண்ணு குடுத்தார்.

ராத்திரி கடற்கரை ஓரத்து கொட்டகைல கொம்ஜாங்கோ. பாக்க விலாங்கு, உண்மைல விலாங்கு இல்ல, தாடையே இல்லாத பழைய ஜாதி, தொட்டா பிசுபிசுன்னு சளி கக்கும். இதோட தோல் தான் வெளிநாட்டுல விலாங்குத் தோல் பர்ஸுன்னு விக்கிறது. தோல் பட்டறைக்கு போயிடும், மிஞ்சின சதைய பசிக்காரங்க எடுத்து சுட்டு சாப்பிட்டிருக்காங்க, அப்படி வந்த பண்டம் இன்னைக்கு சின்ன தட்டு 35,000. தோல் உரிச்ச பிறகும் தட்டுல நெளியுது, தம்பி எழுந்து கடல பாக்க போய்ட்டான். அந்த இமோ (இங்க கடைல அம்மாக்கள எல்லாரும் அப்படி தான் கூப்பிடுறாங்க, நம்ம சித்தி பெரியம்மா கணக்கு) வெங்காயம், சிவப்பு மசாலா போட்டு வதக்கி குடுத்தாங்க. சதை நல்லா நறுக்குனு இருக்கு, ஆனா அந்த மசாலா மறுபடி கேன்டீனுக்கே கூட்டிட்டு போயிருச்சு. பக்கத்து டேபிள்ல வெறும் உப்பு போட்டு சுட்டத ஒரு துண்டு நீட்டுனாங்க, அதுதான் சரி. போறவங்க உப்புன்னு கேட்டு வாங்குங்க.

மே 3, சனி – உஆம்-தோங், யொங்தோ பாலம், கங்தொங்

உஆம்-தோங்குக்கு மெட்ரோ கிடையாது, பஸ்ல குலுங்கிட்டு போகணும். கூகுள் மேப் நடக்குறதுக்கு வழி சொல்லல, இந்த ஊர் ஆப் நேவர் மேப் தான் கை குடுத்துச்சு. இறங்குன இடம் துறைமுகத்துக்கு பின்னாடி ஒரு மேடு, கண்டெய்னர் லாரி தூசி, டூரிஸ்ட் ஒருத்தர் கண்ணுல படல. ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடி மாடுகள அடைச்சு நோய் இருக்கான்னு பாக்குற கொட்டில் இங்க இருந்துச்சு. சண்டைல வந்த அகதிகளுக்கு இடம் இல்லாம அந்த மாட்டுக் கொட்டில தடுப்பு வச்சு குடும்பம் குடும்பமா பிரிச்சு குடுத்திருக்காங்க. ஒரு வீட்டு கூரைல இன்னும் கொட்டிலுக்கு காத்து போக வச்ச திறப்பு தெரியுது, அதை பாத்துட்டு கொஞ்ச நேரம் பேச்சு வரல.

அங்க தான் நேஹோன்னு ஒரு கடை, வடக்கே ஹுங்னம்ல இருந்து வந்த குடும்பம் ஆரம்பிச்சது. அவங்க ஊர் நூடுல்ஸுக்கு வேண்டிய மாவு இங்க கிடைக்கல, கிடைச்சது அமெரிக்கா நிவாரணமா அனுப்பின கோதுமை மாவு. அதுல சர்க்கரைவள்ளி ஸ்டார்ச் கலந்து பிழிஞ்சது தான் மில்மியன், இன்னைக்கு பூசான் முழுக்க விக்குது. பதினொரு மணிக்கே வாசல்ல வரிசை. முதல்ல ஒரு கெட்டில்ல சுடச்சுட எலும்புச் சாறு, அதை டம்ளர்ல ஊத்தி குடிச்சுட்டு இருக்கும்போதே ஐஸ் மிதக்குற கிண்ணம் வந்துருச்சு. மேல சிவப்பு மசாலா ஒரு உருண்டை, முள்ளங்கி, வெள்ளரி, அரை முட்டை. இமோ கேக்காமலே கத்திரியால ரெண்டு வெட்டு வெட்டிட்டு போனாங்க. மசாலாவ முழுசா கலக்காம ஓரமா ஒதுக்கி வச்சு அந்த தண்ணிய குடிச்சு பாருங்க, லேசான புளிப்பு, லேசான மாட்டெலும்பு மணம், அவ்வளவு தான். நேத்து நனைஞ்ச குளிரே போகல, அதுலயும் ரெண்டு கிண்ணம் உள்ள போச்சு (தம்பி கிண்ணமும் தான்), பல்லு கூசிருச்சு.

ரெண்டு மணிக்கு யொங்தோ தூக்குப் பாலம். சனிக்கிழமை மட்டும் தூக்குவாங்க. 1934ல கட்டினது, 1966ல தூக்குறத நிறுத்திட்டு 2013ல மறுபடி ஆரம்பிச்சாங்க. ஓடி வரும்போது பிரிஞ்சு போனா பூசான்ல யொங்தோ பாலத்துல பாத்துக்கலாம்னு சொல்லிட்டு தான் பிரிவாங்களாம், ஏன்னா ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே அடையாளம் அது. சொந்தக்காரங்க வருவாங்களான்னு குறி சொல்ல பாலத்துக்கு அடில ஜோசியக்காரங்க கடை போட்டிருந்தாங்க. ரோடு அப்படியே மேல எழும்பி நிக்குது, கோடு போட்ட தார் ரோடு கிட்டத்தட்ட செங்குத்தா. கூட்டத்துல ஒரு அப்பா பிள்ளைய தோள்ல ஏத்தி வச்சுட்டு எங்களுக்கு மறைக்குதேன்னு குனிஞ்சு குனிஞ்சு மன்னிப்பு கேட்டார்.

அப்புறம் ஆமி-தோங் மேடு. படி ஏறி ஏறி முட்டி போச்சு. ஜப்பான்காரங்க கல்லறைத் தோட்டம் இருந்த இடத்துல அகதிகள் வீடு கட்டுன ஏரியா, கல்லறைக் கல்லுங்க தான் அஸ்திவாரம், படிக்கட்டு எல்லாம். ஒரு வீட்டு வாசல்ல கேஸ் சிலிண்டர் நிக்கிற கல்லுல எழுத்து தெரிஞ்சுது. ஆட்கள் குடி இருக்க வீடு, போட்டோ எடுக்க மனசு வரல, இறங்கிட்டோம்.

சாயங்காலம் புப்யொங் கங்தொங் மார்க்கெட். அமெரிக்க ராணுவத்துல இருந்து வெளிய வந்த டப்பா சரக்கு வித்து பேர் வாங்குன மார்க்கெட், 2013ல இருந்து இரவுச் சந்தை வேற. இரவுச் சந்தை வண்டிகள்ல சீஸ் வச்ச இறால், தீ காட்டி வாட்டுற மாட்டுக்கறி, எல்லாம் வீடியோவுக்கு செஞ்சது, வரிசை நீளம், ருசி சுமார். அதை தாண்டி உள்ள போனா முக்காலி போட்டு உக்காந்து பிபிம் தாங்மியன். கண்ணாடி நூடுல்ஸ வெந்நில முக்கி எடுத்து கீரை, கேரட், மஞ்ச முள்ளங்கி ஊறுகா, மிளகா சாஸ், எள்ளெண்ணெய். மேல மீன் கேக் துண்டு போடுவாங்க. தம்பி போன்ல மொழிபெயர்ப்ப காட்டினான், "மீன் இல்லாம, முட்டை இல்லாம, கறி இல்லாம". அந்த இமோ போன வாங்கி கண்ணாடிய ஏத்தி படிச்சுட்டு, அப்ப என்னத்த தான்டா திங்கிறன்ற கணக்குல ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் மீன் கேக்க எடுத்து என் கிண்ணத்துல போட்டுட்டு அவனுக்கு கீரை ரெண்டு மடங்கு அள்ளி வச்சாங்க. பய வந்ததுல இருந்து முதல் தடவையா வயிறு முட்ட சாப்பிட்டான். சாஸ்ல நெத்திலித் தண்ணி இருக்கான்னு அவன் கேக்கல. நானும் வாய தொறக்கல.

மே 4, ஞாயிறு – கிஜாங்

திரும்புற ரயில் பாதைலயே கிஜாங் வருது, அதனால பைய தூக்கிட்டே இறங்கிட்டோம். கடலோரம் இருக்க யொங்குங்சா கோவிலுக்கு தம்பி ஆசப்பட்டான், புத்தர் பிறந்தநாளுக்கு கட்டுன கலர் விளக்கு தெரிஞ்சுது, அதுக்கு கீழ தலை மட்டும் தான் தெரிஞ்சுது. பத்து நிமிஷத்துல வெளிய.

நான் வந்தது தேப்யொன் துறைக்கு. இது நெத்திலி சீசன். வெயில் நல்லா அடிச்சுது, காத்து மட்டும் சில்லுனு. படகு வந்து கட்டின உடனே, ரப்பர் உடுப்பு போட்ட ஏழெட்டு பேர் வரிசையா நின்னு வலைய கைல பிடிச்சு பெட்ஷீட் உதறுற மாதிரி ஒரே தாளத்துல மேல கீழ உதறுறாங்க, அதுக்கு ஒரு சத்தம் வேற போடுறாங்க, வலைல தலை மாட்டின நெத்திலி ஒவ்வொரு உதறலுக்கும் பறந்து விழுது. தலை பிஞ்சு போனது ஒரு பக்கம், முழுசு ஒரு பக்கம். அவங்க முகம் முழுக்க செதில் ஒட்டி பளபளக்குது, கண்ண மட்டும் தோள்ல துடைச்சுக்கிறாங்க. இருபதடி தள்ளி நின்ன என் சட்டைலயும் செதில். நம்ம நெத்திலி விரல் நீளம் இருந்தா பெருசு, இது அதுல ரெண்டு பங்கு.

கரையிலயே அம்மாக்கள் பச்ச நெத்திலிய உப்போட புரட்டி டப்பால அமுக்குறாங்க, வாங்குறவங்க கார் டிக்கில ஏத்திட்டு போய் மாசக்கணக்குல ஊற வைப்பாங்க, கிம்ச்சிக்கு போடுற சாறு அதுதான். பக்கத்து கடைல உக்காந்தோம். நெத்திலிய கையாலயே முள்ளெடுத்து பச்சையா முள்ளங்கி, கீரை, புளிப்பு சாஸ்ல பிரட்டினது ஒண்ணு, காஞ்ச தழையும் சோயா பேஸ்டும் போட்டு கொதிக்க வச்ச குழம்பு ஒண்ணு. வழக்கம் போல ரெண்டு பேருக்கு, 45,000. பச்சையா சாப்பிட தயங்கினேன், இமோ அதை கவனிச்சுட்டு வந்து இலைய விரிச்சு, நெத்திலி, பூண்டு, சோறு ஒரு விரல் வச்சு, உருட்டி நேரா என் வாய்க்குள்ள திணிச்சுட்டாங்க. வாய் நிறைய இருக்கறப்ப "நல்லா இருக்கா"ன்னு கேட்டா என்ன சொல்றது. கவிச்சியே இல்ல, வெண்ணெய்யா கரையுது. ஆனா எனக்கு குழம்பு தான். முள்ளோட மெல்லலாம், சோத்துல ஊத்தி பிசைஞ்சு சாப்பிட கை துடிச்சுது, ஸ்பூனால ஒப்பேத்தினேன். தம்பி சோறும் வேர்க்கடலை சுண்டலும் சாப்பிட்டுட்டு, "அண்ணா, உங்க பங்கு இன்னும் பாதி இருக்கு"ன்னு எனக்கு காவல் இருந்தான்.

கிளம்பும்போது காஞ்ச நெத்திலி ஒரு பெட்டி வாங்கினேன், 25,000. காத்து புகாம ஒட்டி குடுத்தாங்க, வாடையே வராதுன்னு அந்த அம்மா நெஞ்ச தட்டி சத்தியம் பண்ணாங்க. ரயில் ரெண்டு ஸ்டேஷன் தாண்டினதும் தம்பி பைய எடுத்துட்டு அடுத்த பெட்டிக்கு போய்ட்டான்.